ரீகாவில் இரண்டரை நாள்: மறுபடி கட்டிய மாளிகையைப் பார்க்கத்தான் வேண்டுமா?

வடகடலோடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் என் தந்தையாரை ஹெல்சிங்கியிலிருந்து லாத்வியாவின் தலைநகரான ரீகாவுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். அவருக்கு வயது 71. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்பதால் நான்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். எங்களிடம் இருப்பது இரண்டரை நாள் மட்டுமே.

சிக்கல் இதுதான். ரீகாவைப் பற்றிய எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் வருவது நகரமன்றச் சதுக்கத்தில் இருக்கும் கருந்தலையர் மாளிகையின் படம். திருமணமாகாத வணிகர்களின் சங்கம் ஒன்று பல நூற்றாண்டுகள் வைத்திருந்த வீடு அது என்றும், 1334-ஆம் ஆண்டு முதல் அங்கே இருக்கிறது என்றும் படித்து அப்பாவிடம் ஆசையோடு காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே வரை படித்துவிட்டு, “1941-இல் எரிந்து, 1948-இல் இடித்துத் தள்ளி, 1999-இல் கட்டி முடித்தது என்று இவர்களே எழுதியிருக்கிறார்களே, சினிமா செட்டைப் பார்க்கவா கப்பல் ஏறிப் போகிறோம்?” என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே நேரில் பார்த்தவர்களிடம் கேட்கிறேன். அந்த மாளிகைக்கு உள்ளே செல்வது நேரத்துக்கும் கட்டணத்துக்கும் தகுமா? ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம், சோவியத் ரகசியக் காவல் துறையான கேஜிபி இருந்த ‘மூலை வீடு’ ஆகியவற்றைப் பற்றியும் படித்தேன். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது மனத்துக்கு மிகவும் பாரமாக இருக்குமா? உண்மையிலேயே பழையது என்று சொல்லத்தக்கது அந்த நகரத்தில் எது?

திண்ணைவாசி

வணக்கம் ஐயா. நானும் என் துணைவியாரும் 2023-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே நான்கு நாள் இருந்தோம். உங்கள் தந்தையாரின் கேள்வி நியாயமானதே, ஆனால் செட் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். செட் போடுகிறவர் அதை மறைப்பார். இந்த மாளிகையின் முகப்பிலோ 1334 என்ற ஆண்டுக்குத் துணையாக, புதுப்பித்த ஆண்டு 1999 என்றும் பொறித்திருக்கிறார்கள். இடிந்து விழுந்தால் என்னை மறுபடி எழுப்புங்கள் என்ற பொருளில் பழைய கட்டடத்தில் ஒரு வாசகம் இருந்ததாகவும், ரீகா மக்கள் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டதாகவும் அங்கே சொல்கிறார்கள். நகரம் நிறுவப்பட்ட 1201-ஐக் கணக்கிட்டு, 800-ஆவது ஆண்டு விழாவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகக் கட்டினார்களாம்.

மேல்தளத்து விழா மண்டபம் பளபளப்பாக இருக்கிறது. சரவிளக்கும் ஓவியக் கூரையும் அழகுதான் என்றாலும் எனக்கு அது மனத்தில் நிற்கவில்லை. நிலவறைக்கு அவசியம் செல்லுங்கள். மேலே இருந்த அனைத்தும் அழிந்தபோதும் அடித்தளத்தின் பழைய சுவர்கள் மண்ணுக்குள் தப்பிவிட்டன. தரைக்கடியில் சூடான காற்றை அனுப்பி வீட்டைக் கதகதப்பாக வைத்திருந்த இடைக்கால உலையின் எச்சத்தை அங்கே பார்க்கலாம். வரலாற்று ஆசிரியருக்கு அந்த அரை மணி நேரமே போதும். சங்கத்தின் காவல் புனிதர் மொரீஷியஸ் ஆப்பிரிக்கராகக் கருதப்பட்டவர். அவருடைய தலை அவர்களின் சின்னத்தில் இருந்ததால்தான் கருந்தலையர் என்ற பெயர் வந்தது என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தச் சதுக்கத்தில் நின்று சற்றுத் திரும்பினால், அலங்கார முகப்புக்குப் பக்கத்திலேயே கறுத்த பெட்டி போன்ற ஒரு கட்டடம் தெரியும். சோவியத் ஆட்சி 1970 வாக்கில் செம்படை லாத்வியத் துப்பாக்கி வீரர்களைப் போற்றுவதற்காகக் கட்டியது அது. அதே கட்டடத்தில்தான் 1993-இல் தொடங்கிய ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் இப்போது இயங்குகிறது. 1940 முதல் 1991 வரை நடந்ததை, அதாவது சோவியத், நாஜி, மறுபடி சோவியத் என்று மூன்று ஆட்சிகளை, அது வரிசைப்படுத்துகிறது. நெடுநாள் சீரமைப்புக்குப் பின் 2022-இல் திறந்ததால் காட்சி அமைப்பு புதியது. லிப்ட் வசதியும் உண்டு. ஒருவருடைய புகழ்ச்சிக்காகக் கட்டிய சுவருக்குள்ளேயே அவர்கள் செய்ததன் கணக்கை வைத்திருப்பதைக் காட்டிலும் அசலான வரலாற்றுச் சின்னம் வேறு எதற்கு?

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியவை பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய கடிதங்கள். 1941 ஜூன் 14 அன்று 15,000-க்கும் மேற்பட்டோரையும், 1949 மார்ச் 25 அன்று தொடங்கி 42,000-க்கும் மேற்பட்டோரையும் சரக்கு ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். சைபீரியாவில் தாள் கிடைக்காதவர்கள் மரப்பட்டையை உரித்து அதில் வீட்டுக்கு எழுதினார்கள். என் துணைவியார் அந்தப் பேழையை விட்டு நகரவே இல்லை. வெளியே வந்த பிறகு வெகுநேரம் பேசவும் இல்லை.

தௌகவாக்கரை

அண்ணா, நான் ரீகாவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. திண்ணைவாசி ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

நிலவறை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில் பழையது எது என்று நீங்கள் கேட்டிருப்பதால், யுக்லா ஏரிக்கரையிலுள்ள திறந்தவெளி இனவரைவியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாளை ஒதுக்குங்கள் என்பேன். 1924-இல் நிறுவி 1932-இல் மக்களுக்குத் திறந்தார்கள். குர்செமே, விட்செமே, செம்கலே, லத்கலே என்று நாட்டின் நான்கு பகுதிகளிலிருந்தும் குடியானவர் வீடு, களஞ்சியம், காற்றாலை, தேவாலயம், மீனவர் குடில் என நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்து வந்து, பைன் காட்டுக்குள் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். உஸ்மா என்ற ஊரிலிருந்து கொண்டுவந்த மரத் தேவாலயம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உள்ளே போனால் பழைய மரத்தின் வாசனை முகத்தில் அறையும்.

இங்கே உங்கள் தந்தையாரிடம் நான் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். கருந்தலையர் மாளிகை தன் சொந்த இடத்தில் நிற்கிறது, ஆனால் செங்கல் புதியது. இந்தத் தேவாலயத்தின் மரம் பழையது, ஆனால் அது தன் ஊரில் இல்லை. இவற்றில் எது அசல்? நான் மூன்று ஆண்டுகளாக யோசித்தும் முடிவுக்கு வரவில்லை.

மூலை வீட்டைப் பொறுத்தவரை, பிரீவீபஸ் தெருவும் ஸ்தபு தெருவும் சந்திக்கும் முனையில் 1912-இல் எழுந்த அழகான ஆறு மாடிக் குடியிருப்பு அது. 1940-இல் சோவியத் ரகசியக் காவல் துறை அங்கே குடியேறியது. ரீகா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2014-இல்தான் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சிறை அறைகளை வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்க முடியும். பார்வைக்கு வைத்த பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை. குறுகிய படிகள், உணவு தள்ளும் துளையுள்ள கதவுகள், இரவு முழுவதும் அணையாத விளக்கின் கீழ் பலர் நெருக்கிக் கிடந்த அறைகள், வானத்தைக் கம்பி வழியாக மட்டும் காட்டும் சிறு முற்றம் ஆகியவைதான். யாரும் அதைப் புதுப்பித்து அலங்கரிக்கவில்லை என்பதே அதன் வலிமை. நான் ஒருமுறை போனேன்; இன்னொரு முறை போகச் சொன்னால் தயங்குவேன். அப்பாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், அங்கே படிகள் உண்டு, உட்கார இடம் குறைவு. ஆக்கிரமிப்பு அருங்காட்சியகத்தைப் பார்த்த அதே நாளில் மூலை வீட்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டடத்தைச் சீரமைப்பது பற்றிய பேச்சும் அவ்வப்போது வருவதால், திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

வடகடலோடி

இருவருக்கும் நன்றி. தங்கையின் கேள்வியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “கேள்வி நன்றாக இருக்கிறது, ஆனால் தேர்வுத்தாளில் இப்படிக் கேட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். புனித பேதுரு தேவாலயத்தின் கோபுரம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? படி ஏற வேண்டியிருக்குமா?

காகிதத்தோணி

படி ஏறத் தேவையில்லை, லிப்ட் இருக்கிறது. கோபுரத்தின் உயரம் சுமார் 123 மீட்டர்; பார்வை மாடம் 72 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவும் 1941 போரில் எரிந்து, பின்னர் உருக்குச் சட்டத்தில் மறுபடி எழுப்பிய கோபுரம்தான். பணி 1973-இல் முடிந்தது. ஆக, உங்கள் தந்தையார் இந்த நகரத்தில் எதன் மீது ஏறினாலும் இந்தப் பிரச்சினை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கோபுரத்துக்கு ஒரு சுவையான வழக்கம் உண்டு. கட்டி முடித்ததும் தலைமைக் கட்டுநர் உச்சியில் அமர்ந்து மது அருந்திவிட்டுக் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வீச வேண்டும். எத்தனை துண்டாக உடைகிறதோ அத்தனை நூற்றாண்டுக்குக் கோபுரம் நிற்கும் என்பது நம்பிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீசிய கோப்பை வைக்கோல் வண்டியில் விழுந்து இரண்டே துண்டானது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டில் கோபுரமும் எரிந்தது. அந்தக் கோப்பையை ரீகா வரலாறு மற்றும் கப்பலியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1773-இல் ஒரு மருத்துவரின் சேகரிப்பிலிருந்து தொடங்கிய அருங்காட்சியகம் அது. இந்த வட்டாரத்தின் மிகப் பழையவற்றில் ஒன்று. ரீகாவின் டோம் பேராலயத்தை ஒட்டியே இருப்பதால் அதிகம் நடக்க வேண்டாம், கூட்டமும் இராது.

வளைகோடுகளும் சிற்பங்களும் நிறைந்த, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கட்டடப் பாணியான ஆர்ட் நூவோவை நண்பர்கள் இருவரும் தொடவே இல்லை என்பது எனக்கு வியப்பு. மையப் பகுதிக் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தப் பாணியில் அமைந்தது. இவை போரில் தப்பியவை, எவரும் மறுபடி கட்டாதவை. ஆல்பெர்ட்டா தெருவில் மிக்கைல் ஐசன்ஸ்டைன் கட்டிய வீடுகளின் முகப்பில் அலறும் முகங்களும் சிங்கங்களும் நிறைந்திருக்கும். திரைப்பட இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனின் தந்தை அவர். அதே தெருவின் 12-ஆம் எண் வீடு 1903-இல் எழுந்தது. அதைக் கட்டிய கான்ஸ்தாந்தின்ஸ் பெக்ஷேன்ஸ் குடியிருந்த தளத்தையே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அடுப்படி, உணவறை, அக்கால உடையில் நிற்கும் பணியாளர்கள் என்று எல்லாம் இருந்தாலும், நான் நெடுநேரம் பார்த்தது நுழைவாயிலில் சுருண்டு மேலேறும் படிக்கட்டின் அடிப்பக்கத்தைத்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், முழங்காலுக்கு வேலையில்லை.

நேரம் மிஞ்சினால் ஆற்றுக்கு அப்பால் கீப்சலா தீவில் ஜானிஸ் லிப்கே நினைவகத்துக்குச் செல்லுங்கள். துறைமுகத் தொழிலாளியான லிப்கே, நாஜி ஆட்சியில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற குடியிருப்பிலிருந்து அவர்களை வேலைக்கு அழைத்துச் செல்வதுபோல் வெளியே கொண்டுவந்து, தன் வீட்டுக் கொட்டகையின் கீழ் தோண்டிய மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் பதுங்குகுழியில் ஒளித்துவைத்தவர். ரும்பூலா காட்டில் 1941-இல் இரண்டே நாளில் ஏறத்தாழ 25,000 யூதர்களை நாஜிகள் கொன்ற நகரத்தில், அவரும் அவர் மனைவியும் கூட்டாளிகளும் சேர்ந்து சுமார் ஐம்பது பேரைக் காப்பாற்றினார்கள். கவிழ்த்த படகு போன்ற கறுத்த மரக்கட்டடத்தின் மேலிருந்து அதே அளவிலான குழியை எட்டிப் பார்க்க மட்டுமே முடியும். உள்ளே இறங்க விடுவதில்லை. அதுவும் மறு ஆக்கம்தான், ஆனால் அங்கே அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை.

பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். பழைய நகரத்தில் கருங்கல் பாவிய தெருக்கள் அதிகம் என்பதால் அப்பாவுக்கு அடி தடித்த காலணி வாங்கிக் கொடுங்கள்.

வடகடலோடி

நேற்றுத் திரும்பினோம். மூலை வீட்டை விட்டுவிட்டோம். மற்றவற்றில் லிப்கே நினைவகத்துக்கு மட்டும் போக முடியவில்லை.

கருந்தலையர் மாளிகையின் நிலவறையில் அப்பா அந்த உலைக்கு முன்னால் இருபது நிமிடம் நின்று, சூடான காற்று எந்த வழியாக மேலே போயிருக்கும் என்று எனக்குக் கையால் வரைந்து காட்டினார். மேல்தள மண்டபத்தில் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மழை பிடித்துக்கொண்டதால் ஒரு களஞ்சியத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். அங்கே உட்கார்ந்திருந்தபோது, தங்கையின் கேள்விக்குப் பதில் யோசித்துவிட்டதாகச் சொன்னார்: மழைக்கு ஒழுகாமல் இருக்கிறதே, இதுதான் அசல் என்றார். மாளிகையின் கூரையும் ஒழுகாதே என்று நான் சொன்னதற்கு, அதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு முறை மழைக்காலத்தில் வர வேண்டும் என்று பதில் வந்தது.