பிரையன் மேயின் கிட்டார் ஒலி: கையாண்டு பார்த்தவர்களுக்குத் தெரிந்தவை

குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. அவர் ஒலியைத் தேடுகிறவர்கள் பலரும் முதலில் பெடல் (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் பெட்டி) கடைக்குத்தான் போகிறார்கள். நான்கைந்து பெடல் வாங்கி அடுக்கிய பிறகும் ஒலி கொசு ரீங்காரம் போலத்தான் வரும். அவர் ஒலிக்கு அடிப்படை மூன்றே பொருள்கள்: அவரே செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டார், ஒரு ட்ரெபிள் பூஸ்டர், வாக்ஸ் ஏசி 30 ஆம்ப் (ஒலிபெருக்கி). பூஸ்டரையும் ஏசி 30-ஐயும் சேர்க்கும் வழியை அவர் இளவயதில் ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லாகரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆம்பில் நார்மல் சேனல், வால்யூம் முழுசாக. அதற்குமேல் ஆம்ப் பக்கம் கையே போகக்கூடாது. மற்றதெல்லாம் கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழில்தான் நடக்கிறது. 10-ல் வைத்தால் சோலோ. 5, 6-க்கு இறக்கினால் ரிதம். 2, 3-க்கு வந்தால் அதே ஆம்ப் சுத்தமாக, மணி போலப் பேசும். இந்தக் குமிழைப் பழகாமல் எத்தனை பெட்டி வாங்கினாலும் பயனில்லை.

பூஸ்டர் எதற்கு? ஆம்ப் முழு வால்யூமில் இருக்கும்போது முதலில் குழம்புவது அடிச்சுரங்கள்தான். பூஸ்டர் அந்த அடியைக் குறைத்து, மேலே உள்ளதைப் பெருக்கி அனுப்புகிறது. அதனால் ஒலி உடைந்தாலும் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும். ஒரு எச்சரிக்கை: 30 வாட் வால்வு ஆம்பை முழுசாகத் திறந்தால் வீட்டு அறை தாங்காது. 4, 5 வாட் வால்வு ஆம்பில் இதே முறையைப் பின்பற்றலாம்.

* * *

மேலே சொன்னதோடு வயரிங்கையும் சேர்க்க வேண்டும். ரெட் ஸ்பெஷல் போலவே தெரியும் கிட்டாரை வாங்கிவிட்டு ஒலி வரவில்லை என்கிறவர்கள் முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள். மூன்று பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்) தொடர் இணைப்பில் இருக்க வேண்டும். பேரலலாகக் கட்டியிருந்தால் இரண்டு பிக்கப்பைப் போடும்போது ஒலி மெலியும். தொடர் இணைப்பில் இரண்டும் கூடித் தடிக்கும். அவர் கிட்டாரில் உள்ள பர்ன்ஸ் ட்ரை-சோனிக் வகைப் பிக்கப் ஒன்றின் மின்தடை சுமார் 7 கிலோ ஓம் என்றால் இரண்டு சேர்ந்து 14. அந்தத் தடிப்பில்தான் ஆம்ப் பாடத் தொடங்குகிறது.

மொத்தம் ஆறு சிறிய ஸ்விட்ச். ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒன்று ஆன்/ஆஃப், இன்னொன்று ஃபேஸ் மாற்ற, அதாவது அதன் அலையைத் தலைகீழாகத் திருப்ப. நெக் (கழுத்துப் பக்கம்), நடு இரண்டையும் போட்டு ஒன்றின் ஃபேஸைத் திருப்பினால் இரண்டுக்கும் பொதுவான அடி ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது மூக்கால் பாடுவது போன்ற, கூர்மையான, அழுகிற ஒலி. பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் அமரும் பக்கம்), நடு இரண்டையும் எதிர்ஃபேஸில் வைத்தால் மிகவும் மெலிந்துபோகும். முழு கெயின் (ஒலிப் பெருக்கம்) இருந்தால்தான் அது பயன்படும்.

ட்ரை-சோனிக்கில் இன்னொரு தொல்லை: சுருள் உலோக மூடிக்குள் லேசாக அசையும். சத்தம் ஏறினால் கீச்சென்று கத்தும். மே அதற்குள் அரால்டைட் ஊற்றி இறுக்கினார். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அதே பசைதான். மெதுவாக உறையும் வகையை எடுங்கள். சீக்கிரம் உறைவது சுருளுக்குள் இறங்குவதற்கு முன்பே கெட்டியாகிவிடும்.

* * *

பிக்கப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். முதலில் அவர் வாங்கிய பிக்கப்பைப் போடவில்லை, தானே சுற்றினார். காந்தங்களை வடக்கு, தெற்கு என மாற்றி மாற்றி வைத்திருந்ததால், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும்போது ஒரு துருவத்திலிருந்து எதிர்த்துருவத்துக்குக் கம்பி நகர்ந்து கரகரவென்ற ஒலி வந்தது. வளைத்து வாசிப்பதே உயிராக இருப்பவருக்கு அது சரிப்படாது. அதன் பிறகே பர்ன்ஸ்.

கிட்டாரை அவரும் அப்பா ஹரோல்டும் 1963-ல் தொடங்கினார்கள். அப்பா மின்னணுப் பொறியாளர். கழுத்து, பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மஹாகனிக் கட்டை. அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார். உடலின் நடுத்துண்டு பழைய மேசையின் ஓக். மற்றது மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த ‘பிளாக்போர்டு’ (blockboard) பலகை, மேலே மஹாகனி வெனீர். ஃபிரெட்போர்டுப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

கைப்பிடியை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோதான் உண்மையான பொறியியல். கத்திமுனை போலத் தீட்டிய எஃகின் மேல் தகடு சாய்கிறது. கம்பிகளின் இழுப்பை எதிர்த்துத் தாங்குவது மோட்டார் சைக்கிளின் இரண்டு வால்வு ஸ்பிரிங். கைப்பிடி, சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி; அதன் நுனி, அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து. கம்பி எங்கும் உரசக்கூடாது என்பதற்காகப் பிரிட்ஜில் சுழலும் உருளைகள், மேல்முனையில் கம்பிகள் அமரும் கூடுதல் ஃபிரெட்டான ஜீரோ ஃபிரெட், அங்கிருந்து முறுக்காணிக்குக் கம்பி நேராகவே போகிறது. நகல் கிட்டாரில் ட்ரெமோலோவை அழுத்தி விட்டதும் சுருதி விலகினால், முதலில் பார்க்க வேண்டியது நட் (கழுத்தின் மேல்முனைத் துண்டு) பள்ளத்தில் கம்பி சிக்குகிறதா என்பதே. அவர் போடுவது 9-ல் (அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு தடிமன்) தொடங்கும் மெல்லிய கம்பி; நீங்கள் 10-க்கு மாறினால் ஸ்பிரிங்கையும் மறுபடி முறுக்கிச் சமன் செய்தாக வேண்டும்.

ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) 24, ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 24 அங்குலம். நீளம் குறைவென்பதால் கம்பி இழுக்கக் கையில் இதமாக இருக்கும்.

* * *

நாணயத்தை விட்டுவிட்டீர்களே. கம்பியை மீட்ட அவர் பிளாஸ்டிக் பிக் பிடிப்பதில்லை, பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசுதான். வளையாத பொருள் என்பதால் கம்பியின் அதிர்வு அப்படியே விரலுக்கு வரும். இறுக்கிப் பிடித்தால் முரட்டு ஒலி, தளர்த்தினால் மென்மை. விளிம்பைச் சற்றே திருப்பினால் அதிலுள்ள வரிகள் கம்பியில் உரசி ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு சின்ன 'க்ர்' கேட்கும். நம்முடைய பழைய நாலணாவும் ஏறக்குறைய அதே அளவு, சுமார் 19 மில்லிமீட்டர். விளிம்பில் வரி உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

* * *

கேள்வி: குவீனின் 'பிரைட்டன் ராக்' பாட்டை மேடையில் வாசிக்கும்போது ஒருவரே மூன்று பேராகக் கேட்கிறாரே, அதை ஒரே ஆம்பில் செய்யலாமா அண்ணா?

* * *

முடியாது தம்பி, அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். உடைந்து ஒலிக்கும் ஒரு ஆம்புக்குள் இரண்டு சுரங்களை ஒன்றாக அனுப்பினால் அவை உள்ளே ஒன்றோடொன்று மோதி, யாரும் வாசிக்காத மூன்றாவது ஒலிகளை உண்டாக்கும். அவர் எக்கோப்ளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவிகளில் ஒலித்தலை நகரும் சட்டத்தை நீட்டித் தாமதத்தைக் கூட்டினார். நேர் ஒலிக்கு ஒரு ஆம்ப், முதல் எதிரொலிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று எனப் பிரித்தார். மோதல் காற்றில்தான் நடக்கும், அது இனிமையாகவே இருக்கும்.

பழக வழி: நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 800 மில்லிசெகண்ட். முதல் டிலேயை (எதிரொலித் தாமதத்தை) 800-லும் இரண்டாவதை 1600-லும் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் திரும்ப வர வேண்டும். அதற்குமேல் விட்டால் சேறாகிவிடும். முதல் துடிப்பில் ஸ, இரண்டாவதில் க, மூன்றாவதில் ப வாசியுங்கள். மூன்றாவது துடிப்பில் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். தாளம் சற்றே பிசகினால்கூட எல்லாம் குலையும், அதனால் மெட்ரோனோம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

* * *

ஸ்டுடியோவில் வேறு கதை. 1975-ல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் டிராம்போன், கிளாரினெட் போலக் கேட்பவை அத்தனையும் கிட்டார். அதற்குப் பயன்பட்டது, குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் குப்பைத்தொட்டியில் கிடைத்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்திச் செய்த சின்ன ஆம்ப். வால்யூம் குமிழ் கிடையாது, டோன் குமிழ் கிடையாது, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்க வேண்டும். ஒரு சுரத்திலிருந்து கூட்டுச் சுரங்களைத் தானே உண்டாக்கும் ஹார்மனைசரில் போட்டால் எல்லாச் சுரமும் ஒரே மாதிரி வளையும், மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும் உணர்வே வராது.

இதே பொறுமைதான் அவர் வானியலிலும். 1970-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ராசிமண்டலத் தூசி (கோள்களுக்கிடையே சூரியனைச் சுற்றும் தூசி) பற்றிய ஆய்வைத் தொடங்கினார். குவீன் வளர்ந்ததும் அது நின்றது. டெனெரீஃப் தீவில் எடுத்த அளவீடுகள் அவை: தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளியின் நிறமாலையில் மக்னீசியத்தின் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, தூசி எந்த வேகத்தில் ஓடுகிறது எனக் கணக்கிடுவது. விட்டதை எடுத்து முடித்து 2007-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

* * *

பூஸ்டர் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய பாணிப் பூஸ்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் செருகினால் ஷார்ட் ஆகும். தனிப் பேட்டரி போடுங்கள். கிட்டாருக்கும் அதற்கும் நடுவில் பஃபர் (சிக்னலை இடையில் வாங்கித் திரும்ப அனுப்பும் சுற்று) உள்ள பெடல் எதுவும் வேண்டாம், வால்யூம் குமிழைக் குறைத்தால் ஒலி சுத்தமாவது கெட்டுவிடும். வெப்பத்தில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் கசியும். மே மாத மதியத்தில் ஒலி திடீரென்று மங்கினால் பெட்டியை நிழலில், ஆம்பின் சூட்டுக்கு எட்டாமல் தரையில் வையுங்கள்.