13 வயதுப் பெண்ணுக்கு நாவல்கள்: நாயகிக்குக் கத்தி சுழற்ற மட்டும் தெரிந்தால் போதாதாம்

நிலாச்சித்தி:
அக்கா மகள் 'தி ஹங்கர் கேம்ஸ்' மூன்று பாகத்தையும் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று என் உயிரை எடுக்கிறாள். "அதே மாதிரி இருக்கும்" என்று யாரோ சொன்ன இரண்டு தொடர்களை வாங்கிக் கொடுத்தேன். இரண்டிலும் நாயகி வந்ததும் கத்தியை எடுக்கிறாள், நாலு அத்தியாயம் தாண்டினால் இரண்டு பையன்களுக்கு நடுவே நின்று தவிக்கிறாள். "சித்தி, இவளுக்கு யோசிக்கவே தெரியாதா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மாயாஜாலக் கதை, டிஸ்டோபியா (கொடுமையான எதிர்கால உலகக் கதை), நிஜ வாழ்க்கைக் கதை எதுவானாலும் சரி. ஆங்கிலம் தடையில்லாமல் வாசிப்பாள். ரத்தம் கொஞ்சம் இருக்கலாம், பாலியல் வன்முறை மட்டும் வேண்டாம்.

ஏட்டுப்பூச்சி:
பெண் விவரமானவள்! ஹங்கர் கேம்ஸ் நாயகி காட்னிஸை நமக்குப் பிடித்தது அம்புக்காக இல்லை. போட்டிக் களத்தில் தண்ணீர் கிடைக்காமல் சாகக் கிடக்கும்போது, வெளியிலிருந்து உதவி அனுப்ப வேண்டிய வழிகாட்டி ஹேமிட்ச் ஏன் தண்ணீர் அனுப்பவில்லை என்று யோசிக்கிறாளே, அந்த இடத்துக்காக. அனுப்பாமல் இருக்கிறார் என்றால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது என்று தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறாள். நாயகியின் மூளை வேலை செய்வது நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் புத்தகம் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான்.

முதலில் டெர்ரி பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' (2003). நாயகி டிஃபனிக்கு 9 வயது. ஆற்றில் ஒரு பூதம் தலை தூக்குகிறது. வீட்டுக்கு ஓடிவந்து கதைப் புத்தகத்தைப் புரட்டினால், அதன் கண்கள் சூப் தட்டு அளவு என்று போட்டிருக்கிறது. இவள் என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு சூப் தட்டை எடுத்து அளந்து பார்க்கிறாள். எட்டு அங்குலம். அப்புறம் மிட்டாய்ப் பைத்தியமான தம்பியைத் தூண்டில் புழுவாக ஆற்றங்கரையில் உட்காரவைத்து, வாணலியோடு காத்திருக்கிறாள். அந்தத் தம்பி மேல் அவளுக்குப் பெரிய பாசம் கிடையாது. ஆனாலும் தேவதைகளின் ராணி அவனைத் தூக்கிப்போனதும், அவன் என் தம்பி என்று கிளம்பிவிடுகிறாள். நாயகி சின்னப் பெண் என்று தயங்காதீர்கள், பெரியவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அடுத்தது ராபின் மெக்கின்லியின் 'தி ஹீரோ அண்ட் தி கிரவுன்' (1984). அரசன் மகள் ஏரினுக்குப் பழைய புத்தகம் ஒன்றில் டிராகன் நெருப்பைத் தாங்கும் களிம்புக் குறிப்பு கிடைக்கிறது. எதை எவ்வளவு சேர்ப்பது என்று அதில் இல்லை. கலந்து, பூசி, நெருப்பில் காட்டி, சரிவராமல் மறுபடி கலந்து என்று அவள் விடாமல் மல்லுக்கட்டும் பக்கங்கள்தான் எனக்கு உயிர். தொடக்கத்தில் காலம் முன்னும் பின்னும் தாவும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிஜத்துக்குப் பக்கத்தில் வேண்டுமானால் ஸ்காட் ஓ'டெல்லின் 'ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்' (1960). கலிபோர்னியாவை ஒட்டிய சான் நிக்கோலஸ் தீவில் 1853 வரை 18 ஆண்டுகள் தனியாக வாழ்ந்த பெண்ணை வைத்து எழுதியது. பெண்கள் ஆயுதம் செய்யக் கூடாது என்பது நாயகி கரானாவின் இனத்துக் கட்டுப்பாடு. மீறினால் ஆபத்து நேரத்தில் ஆயுதம் உடைந்துவிடுமோ என்ற பயத்தோடேயே வில் செய்கிறாள்.

கருங்குயில்:
ஏட்டுப்பூச்சி சொன்னதெல்லாம் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் கரானா கதை ரொம்ப நிதானம், ஹங்கர் கேம்ஸ் வேகத்தில் இருக்கிற பிள்ளை கொட்டாவி விடும். சண்டை இருந்தால்தான் என்ன? கார்த் நிக்ஸின் 'சப்ரியல்' (1995) கொடுங்கள். செத்தவர்கள் எழுந்து வருவார்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப அவளிடம் ஏழு மணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கடைசி மணியை அடித்தால் கேட்டவர்களோடு அடித்தவரும் சாவுக்குள் போய்விட வேண்டியதுதான். எந்த மணி, எப்போது என்பதிலேயே யோசனை வந்துவிடுகிறதே.

டெபோரா எல்லிஸின் 'தி பிரெட்வின்னர்' (2000) சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடியும். தாலிபான் காலக் காபூல். அப்பா சிறைக்குப் போனதும் 11 வயது பர்வானா முடியை வெட்டிக்கொண்டு பையன் வேஷத்தில் சந்தையில் உட்கார்ந்து, எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காசு சம்பாதிக்கிறாள். விளையாட்டரங்கில் கைகளை வெட்டும் காட்சி ஒன்று வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளிமூக்குத்தி:
ஓர் எச்சரிக்கை மட்டும். இந்த மாதிரிப் பட்டியல்களில் 'ஸ்பீக்' (1999) தவறாமல் வரும். அருமையான நாவல், ஆனால் கதையின் மையமே பாலியல் வன்முறைதான். நீங்கள் போட்ட நிபந்தனைக்கு இப்போது ஆகாது.

நிலாச்சித்தி:
எல்லோருக்கும் நன்றி. தட்டை அளந்த கதையைச் சொன்னதுமே "அதுதான் வேணும்" என்றுவிட்டாள். அடுத்து சப்ரியல். டிஃபனி கதை தொடராமே, அதே உலகத்தில் நடக்கும் பிராட்செட்டின் பழைய டிஸ்க்வேர்ல்ட் புத்தகங்களை முதலில் படித்தாக வேண்டுமா?

ஏட்டுப்பூச்சி:
தேவையே இல்லை. டிஃபனிக்கு மட்டும் ஐந்து புத்தகங்கள், 2015இல் வந்த 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' கடைசி. ஒவ்வொன்றிலும் அவளுக்கு வயது ஏறும், கதையும் கனமாகிக்கொண்டே போகும். அதனால் வரிசை மாற்றாமல் கொடுங்கள்.