சிட்னியில் யூனி அனுமதி: பிள்ளைக்கு நோய் இருந்தால் இ.ஏ.எஸ். எப்படிப் போடுவது

தம்பி, மகனுக்கு டைப் 1 நீரிழிவு, இப்போது பதினொராம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கீழே வருகிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் மூன்று தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு. வந்த புதிதில் எல்லாம் ஒன்றென்று நினைத்து நாங்களும் குழம்பினோம். எச்.எஸ்.சி. (பன்னிரண்டாம் வகுப்பு இறுதிச் சோதனை) மண்டபத்துக்குள் குளுக்கோஸ் மீட்டர், சாப்பாடு கொண்டுபோக, இடையில் ஓய்வெடுக்க வேண்டுமென்றால் அந்தச் சலுகையைப் பள்ளிக்கூடம்தான் எச்.எஸ்.சி.யை நடத்தும் மாநில அரச நிறுவனமான நெசாவிடம் கேட்கும். சோதனையன்று திடீரென்று முடியாமல் போனால் அதற்கு வேறு விண்ணப்பம், அதுவும் நெசாவுக்குத்தான். யூனி அனுமதியில் நோயைக் கருத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்பதுதான் இ.ஏ.எஸ்.; அதை யூனி விண்ணப்பங்களை வாங்கும் பொது நிலையமான யு.ஏ.சி. வழியாகப் பிள்ளையே போட வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது.

இ.ஏ.எஸ். கிடைத்தாலும் ஏட்டார் (யூனி அனுமதிக்குப் பார்க்கும் தரவரிசை எண்) மாறாது. 82 என்றால் 82தான். யூனி தன் பங்குக்குப் புள்ளி சேர்த்து, அந்தப் படிப்புக்கான தெரிவு எண்ணை மட்டும் உயர்த்தும். ஐந்து சேர்த்தால் 87. எத்தனை சேர்ப்பார்கள் என்பது யூனிக்கு யூனி வேறு. முன்தேவைப் பாடங்கள் இருந்தால் அவற்றை எப்படியும் முடித்திருக்க வேண்டும்.

இனி ஆவணம். நாங்கள் சறுக்கியது இதில்தான். மகளுக்குக் குரோன் நோய், குடலில் வரும் நாட்பட்ட அழற்சி. குடும்ப வைத்தியர் தந்த முதல் கடிதத்தில் ஒரே வரி: இவருக்குக் குரோன் நோய் உண்டு, என்னிடம் சிகிச்சை பெறுகிறார். பொய்யில்லை, ஆனால் அதை வைத்து என்ன செய்வது? பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் குறைந்தது ஆறு மாதமாவது படிப்பு மோசமாகப் பாதிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். எப்போது தொடங்கியது, எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை, மருந்தால் வந்த களைப்பு எப்படி, எந்த அசைன்மென்ட் பிந்தியது என்றெல்லாம் கேட்பார்கள். இரண்டாவது தரம் போகும்போது தமிழ்க்கடையில் தந்த கலண்டரைச் சுருட்டிக்கொண்டு போனேன். அட்டமி, நவமிக்குக் கீழே நான் பேனாவால் குறித்த நாட்களைப் பார்த்துத்தான் வைத்தியர் ஒரு பக்கம் எழுதித் தந்தார். உங்கள் மகனுக்கு இரவில் சர்க்கரை இறங்கி அடுத்த நாள் முதல் பாடம் தவறியிருந்தால், அதையும் இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.

வைத்தியர் எழுதினால் மட்டும் முடியாது. படிப்பு எப்படிப் பாதிக்கப்பட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டிவரும். தனக்குத் தெரியாத நோயைப் பற்றி எந்த ஆசிரியர் எழுதுவார்? சனம் என்ன கதைக்கும் என்ற பயம் எனக்கும் இருந்தது. சனத்துக்கு இந்தப் படிவம் போகாது, பட்டச் சான்றிதழிலும் ஒரு சொல் வராது.

இன்னொன்று, விசா. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் குடியுரிமை, பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) அல்லது நிரந்தர மனிதாபிமான விசா இருந்தால்தான் இ.ஏ.எஸ். போடலாம். தற்காலிக விசாவில் இருந்தால் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்து பள்ளிக்கூடம் மாறியது, ஆங்கிலச் சிரமம் ஆகியவற்றுக்கும் தனித்தனி வகைகள் உண்டு. பொருந்தினால் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்தே கேட்கலாம்.

யு.ஏ.சி. விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரலில் திறக்கும். படிவங்களை அந்த வருடத்துக்கு உரியதாகப் பார்த்து எடுங்கள், பழையதை ஆரும் தந்தால் வாங்காதீர்கள். பள்ளிக்கூட ஆலோசகரோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தயக்கமென்றால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மகனுக்கு அடுத்த கிளினிக் எப்போது? நிபுணரின் கடிதம் கையில் வர வாரக்கணக்காகும், அன்றைக்கே கேட்டு வையுங்கள்.