ரெகுலேஷன்: ஒரு சொல்லா, இரண்டா?

ஐயா, வணக்கம்.

ரெகுலேஷனுக்கு, அதாவது மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்துவதற்கு, தமிழில் 'சீராக்கம்' என்ற ஒரே சொல் போதும் என்று எழுதியிருந்தீர்கள். செயலைக் குறிக்க நல்ல சொல்தான். ஆனால் பவர் சப்ளை டேட்டாஷீட்டில் 'லோடு ரெகுலேஷன் 2%' என்று வரும் இடத்தில் அது காலை வாரிவிடுகிறது. சுமை, அதாவது இழுக்கும் மின்னோட்டம், மாறும்போது வெளியீட்டு வோல்ட் எவ்வளவு மாறுகிறது என்பதே அந்த எண். அது குறையக் குறையச் சரக்கு நல்லது. 'சுமைச் சீராக்கம் 2%' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? மீதி 98 சீராகவில்லை என்றுதான்.

போன வாரம் வீட்டில் கட்டிய எஸ்எம்பிஎஸ்ஸோடு (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) மல்லுக்கட்டியபோதுதான் இது உறைத்தது. யூசி3842 என்ற கட்டுப்பாட்டு ஐசி வைத்த ஃப்ளைபேக் வகை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 5 வோல்ட், 12 வோல்ட் என இரண்டு வெளியீடுகள். வெளியீட்டைக் கவனித்து ஐசிக்குச் சொல்லும் டிஎல்431-க்குப் பின்னூட்டம் 5 வோல்ட்டிலிருந்து மட்டும், இரண்டு 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் வழியாக. 5 வோல்ட்டில் 5 ஓம் ரெசிஸ்டரை மாட்டி 1 ஆம்பியர் இழுத்தேன். மீட்டரில் 5 அசையவில்லை. எதுவுமே மாட்டாத 12 வோல்ட் 14.6-க்கு ஏறி நின்றது! டிஎல்431 போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன், வீண் வேலை. அது பாவம், தன் 5 வோல்ட்டை ஒழுங்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. அதற்காக ஐசி கூடுதல் ஆற்றலைத் தள்ள, டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு மின்தூண்டலால் (ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதோடு முழுதாக இணையாததால்) எழும் ஸ்பைக்குகள் 12 வோல்ட் கெப்பாசிட்டரை ஏற்றிவிடுகின்றன. சுமையே இல்லாததால் ஏறியது இறங்க வழியில்லை.

12 வோல்ட்டில் 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரச் சுமையாகப் போட்டேன். 5 வோல்ட் பக்கத்து 10கே-யை 15கே ஆக்கி, 12 வோல்ட்டிலிருந்து 120கே ஒன்றையும் டிஎல்431-இல் பின்னூட்டம் சேரும் அதே காலுக்கு இழுத்தேன். இப்போது அதே சுமையில் 12 வோல்ட் 13.2-இல் நிற்கிறது, பதிலுக்கு 5 வோல்ட் 4.9 ஆகிவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அந்த எண்ணுக்கு முதலில் 'சரிவு' என்று குறித்து வைத்திருந்தேன். 14.6-ஐப் பார்த்ததும் அடித்துவிட்டேன், ஏறுவதைச் சரிவு என்று எப்படி எழுதுவது? அதனால் 'விலகல்'. ஏறினாலும் இறங்கினாலும் பொருந்தும். எண் குறைந்தால் நல்லது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. தன் சுமை மாறுவதால் வருவது சுமை விலகல். பக்கத்து வெளியீட்டின் சுமையால் வருவது அயல்சுமை விலகல். என் 12 வோல்ட்டில் அது 22% இருந்தது, இப்போது 10%. ஆங்கிலத்தில் கிராஸ் ரெகுலேஷன் எனப்படும் இதைக் 'குறுக்குச் சீராக்கம்' என்றால் இதில் எது யாரைக் குறுக்கே வெட்டுகிறது என்றே புரியாது. சீராக்கம் செயலுக்கு மட்டும் இருக்கட்டும்.

லைன் ரெகுலேஷன்தான் இடிக்கிறது. லைன் என்பது இங்கே கோடு இல்லை, உள்ளே வரும் மின்சாரம். அது ஏறி இறங்கும்போது வெளியீடு எவ்வளவு மாறுகிறது என்பதே இந்த எண். 'கோட்டுச் சீராக்கம்' வேண்டவே வேண்டாம். 'ஊட்டு விலகல்' என்று யோசித்தேன். ஆனால் பின்னூட்டம் பக்கத்திலேயே வருவதால் குழப்புமோ? 'உள்ளீட்டு விலகல்' என்றால், உள்ளீடே விலகியதாகப் படிக்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா ஐயா?