அக்கவுன்ட்ஸ் வேலைக்குக் கவரிங் லெட்டர்: ரெஸ்யூமில் இருப்பதையே திருப்பி எழுதுவதா?

திருப்பூர்_கணக்கு:
பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 3 வருஷமா அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட். கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்று அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் கேட்டிருக்கு. விளம்பரத்தில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பில் தொகையில் வரி பிடித்து அரசுக்குக் கட்டுவது), வெண்டர் பேமென்ட், "எஸ்ஏபி தெரிந்தால் நல்லது". கவரிங் லெட்டர் கட்டாயமாம். கணக்கு சாஃப்ட்வேரில் எனக்கு டேலிதான். பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் எஸ்ஏபி சாஃப்ட்வேரைத் தொட்டதில்லை. டிடிஎஸ்ஸும் ஜாப் ஒர்க் பில்லுக்குப் பிடிப்பதோடு சரி. என்ன எழுதுவது? தனி ஃபைலா, மெயிலிலேயேவா?

பேரேடு:
அவங்க கேட்ட நாலில் உங்ககிட்ட எது இருக்குங்கிறதுக்கு ஆதாரம் காட்டத்தான் லெட்டர். "டேலி தெரியும், கடின உழைப்பாளி" எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அதுக்குப் பதிலா மாசாமாசம் கை செய்யும் வேலையை எழுதுங்க. 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் பதிந்த பில்களின் பட்டியல்) வந்ததும் டேலி பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோடு ஒத்துப் பார்க்கிறீங்க இல்லையா? அதில் வராத பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்பது யார்? ஜிஎஸ்டியும் வெண்டர் பேமென்டும் ஒரே வாக்கியத்தில் வந்துடும். எத்தனை பில், எத்தனை வெண்டர்னு உங்க எண்ணிக்கையும் போடுங்க.

டிடிஎஸ்ஸை ஏன் குறைச்சுச் சொல்றீங்க? டையிங், பிரின்டிங் பில்லில் பிடிச்சு, 7-ம் தேதிக்குள் கட்டுவதும் நீங்கன்னா அது முழு அனுபவம். எக்ஸ்போர்ட் ரீஃபண்ட் பற்றி நீட்டி எழுத வேண்டாம். அந்தக் கம்பெனியும் ஏற்றுமதி செய்யுதான்னு அவங்க வெப்சைட்டில் பார்த்துட்டு, செய்தால் அரை வரி போதும். எஸ்ஏபி பேச்சே எடுக்காதீங்க.

மெயில்பெட்டி:
விளம்பரத்தில் தனியா இணைக்கச் சொல்லியிருந்தால் ஒரு பக்க பிடிஎஃப். மெயிலில் மூணு வரி மட்டும். ஒன்றும் சொல்லலைன்னா மெயிலிலேயே 200–250 வார்த்தை. இரண்டிலும் அதையே ஒட்டாதீங்க.

சப்ஜெக்டில் வேலையின் பெயர், உங்க பெயர், அனுபவ வருஷம், நோட்டீஸ் பீரியட். ஃபைல் பெயரில் "ரெஸ்யூம் ஃபைனல் 2" இருந்தால், டவுன்லோட் செய்தபின் அது யாருடையதுன்னு தெரியாது. உங்க பெயரை வைங்க. வேர்டிலிருந்து ஒட்டும்போது கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. இல்லைன்னா பாதி ஒரு எழுத்துரு, பாதி வேறொன்று. வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டியது பளிச்சுன்னு தெரியும். பழைய மெயிலை ஃபார்வர்ட் செய்யவே கூடாது: முந்தைய கம்பெனி பெயர் அடியில் கிடக்கும்.

"ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், படிப்பவர் மேடமாகவும் இருக்கலாம். "டியர் ஹயரிங் மேனேஜர்" போதும்.

ஜிஆர்என்:
எஸ்ஏபி விஷயத்தில் பேரேடு சொல்வதோடு ஒத்துப்போகலை. விளம்பரத்தில் இருப்பதை விட்டுட்டால், ரெஸ்யூமை எடுத்து எஸ்ஏபியைத்தான் முதலில் தேடுவாங்க. பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான குறிப்பு), பில் மூன்றும் ஒத்துவந்தால்தான் பாஸ் பண்றீங்கன்னா அதை எழுதுங்க. எஸ்ஏபியில் சப்ளையர் பில்லைப் பதியும் மிரோ திரையில் நடப்பதும் அதே ஒப்பீடுதான். "இதுவரை டேலியில் செய்தேன்"னு முடிச்சிடுங்க. "விரைவில் கற்றுக்கொள்வேன்" வேண்டாம்.

சம்பளம் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்க. வேலையை விடும் காரணம் நேர்காணலுக்கு.

திருப்பூர்_கணக்கு:
நன்றிங்க. இது சரியா? "2பியில் விடுபட்ட பில்களுக்கு சப்ளையரிடம் பேசி, 20-ம் தேதி 3பி ரிட்டர்ன் போடும் முன் 2பியில் வரவைப்பேன்."

பேரேடு:
இதை அனுப்பிடாதீங்க! சப்ளையர் 11-ம் தேதியைத் தாண்டித் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போட்டால் அந்த பில் அடுத்த மாச 2பியில்தான் வரும். அக்கவுன்ட்ஸ் மேனேஜர் படிச்சா இந்த ஒரு வரியிலேயே லெட்டர் ஓரம் போயிடும். "அடுத்த 2பியில் வரும்வரை அந்த பில்லின் ஜிஎஸ்டி தொகையை மட்டும் நிறுத்தி, மீதியைப் பட்டுவாடாவுக்கு அனுப்புவேன்"னு மாத்துங்க. உங்க கம்பெனியில் அப்படித்தான் செய்றீங்கன்னா மட்டும்.