போன்ஸ் தொடரில் வரும் எலும்பு ஆராய்ச்சி எவ்வளவு நிஜம்? நாவலையும் படிக்கலாமா?

இரவுப்பறவை:
போன்ஸ் என்ற அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரின் இரண்டாம் சீசன் முடியப் போகிறது. நாயகி டெம்பரன்ஸ் பிரென்னன் எலும்பைக் கையில் எடுத்த மாத்திரத்தில் ஆணா பெண்ணா, வயது என்ன, எதால் அடித்தார்கள் என்று மடமடவென்று ஒப்பிக்கிறார், எஃப்.பி.ஐ. அதிகாரி பூத் பக்கத்தில் பேந்தப் பேந்த விழிக்கிறார். இதில் எது நிஜம், எது ரீல்? கேத்தி ரைக்ஸின் நாவல்களிலிருந்து வந்த தொடர் என்கிறார்களே, இதைப் பார்த்துவிட்டால் அங்கே சஸ்பென்ஸ் போய்விடுமா?

மழைக்காலம்:
போகாது, கதையே வேறு. தொடரில் வாஷிங்டன், நாவலில் கனடாவின் மான்ட்ரியலும் அமெரிக்காவின் சார்லட்டும். அந்த பிரென்னன் நாற்பதைத் தாண்டியவர், வளர்ந்த மகள் உண்டு, குடியை விட்டவர், மனிதர்களோடு சாதாரணமாகப் பேசத் தெரிந்தவர். பூத் கிடையாது, ரயன் என்ற துப்பறிவாளர்தான். ஒரு வேடிக்கை: தொடரில் பிரென்னன் எழுதும் நாவல்களின் நாயகி பெயர் கேத்தி ரைக்ஸ்.

பழைய வாசகன்:
ரைக்ஸே தடயவியல் மானுடவியலாளர், அதாவது எலும்பை வைத்து இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று ஆராய்பவர், அதனால் அடிப்படை சரியாகத்தான் இருக்கும். இடுப்பெலும்பு முழுசாகக் கிடைத்தால் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வளரும் வயதில் எலும்பின் முனை தனியாக இருந்து பிறகுதான் ஒட்டும்; காறை எலும்பின் (கழுத்துக்குக் கீழே, தோளையும் நெஞ்சையும் இணைப்பது) நெஞ்சுப் பக்க முனை மற்ற எலும்புகளைவிடத் தாமதமாக, இருபதுகளில்தான் ஒட்டும், அது ஒட்டாமல் இருந்தால் இளவயது ஆள் என்று அர்த்தம். ஆனால் நிஜத்தில் "25 முதல் 35 வரை" என்கிற மாதிரி ஒரு வரம்புதான் சொல்வார்கள், பிரென்னன் மாதிரி அடித்துச் சொல்ல மாட்டார்கள். தொடரில் பிரென்னனின் சக ஊழியர் ஏஞ்சலா கணினியில் காட்டும், அந்தரத்தில் சுழலும் முப்பரிமாண உருவம் சுத்த ரீல். எனக்கு எரிச்சல் தருவது வேகம்தான், எலும்பில் ஒட்டிய சதையை நீக்கிச் சுத்தம் செய்யவே நாள்கணக்கில் ஆகும், இவர்கள் விளம்பர இடைவேளைக்குள் முடித்துவிடுகிறார்கள்.

1997-இல் வந்த முதல் நாவல் 'டேஜா டெட்'டை எடுங்கள். பெண்களைக் கொன்று துண்டாக்கும் ஒருவன், எலும்பில் அவன் ரம்பம் விட்ட கீறல், அதை வைத்து ரம்பப் பல்லின் அகலம் என்ன, எந்தப் பக்கமிருந்து அறுத்தான் என்று பிரென்னன் நிதானமாகக் கணக்குப் போடும் இடங்கள்தான் புத்தகத்தின் உயிரே. தொடரில் அந்தப் பொறுமை இல்லை.

இரவுப்பறவை:
சரி, அதையே எடுக்கிறேன். வரிசையாகப் படித்தே ஆக வேண்டுமா?

மழைக்காலம்:
வழக்குகள் தனித்தனிதான், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பிரென்னனுக்கும் ரயனுக்கும் இடையிலான காதல் விவகாரம் மட்டும் புத்தகம் புத்தகமாக இழுத்துக்கொண்டு போகும், அதற்காக வரிசை நல்லது. தொடரையும் விடாதீர்கள், 12 சீசன், 246 எபிசோட் இருக்கிறது, பிற்பாதியில் குடும்பக் கதை தூக்கலாகிவிடும், பரவாயில்லை என்றால் ஓட்டுங்கள்.