சிபிஎஸ்இ கால அட்டவணையில் மறைக்கல்விக்கு இடம் போதவில்லை: வழி சொல்லுங்கள்

புதுச்சேரியில் அரசு உதவி பெறும் கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளி. அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்குப் போய்விட்டன. நாங்களும் வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பை மாற்றுகிறோம். கால அட்டவணைதான் இடிக்கிறது.

நாளுக்கு 8 பீரியட், தலா 40 நிமிடம், வாரம் 5 நாள்: மொத்தம் 40. கணக்கு 8, அறிவியல் 8, ஆங்கிலம் 7, தமிழ் 6, சமூக அறிவியல் 6. உடற்கல்வி 3, கணினி 2, ஓவியம் 1. இதுவே 41. மறைக்கல்வி (கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான சமயப் பாடம்) 2 சேர்த்தால் 43. அதே நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி நடப்பதால் இரண்டு ஆசிரியர், இரண்டு அறை வேண்டும். உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மறைக்கல்வியில் உட்கார வைக்க முடியாது (அரசியல் சட்டம் 28(3)). கடிதங்கள் வாங்கிவிட்டோம், அதில் சிக்கல் இல்லை.

பார்த்த வழிகள்:

35 நிமிடத்தில் 9 பீரியட் போட்டோம், 45 கிடைத்தது. ஆனால் ஆய்வக இரட்டை பீரியட் 80 நிமிடத்திலிருந்து 70 ஆகி, செய்முறையை முடித்து ரெக்கார்டு எழுத நேரமில்லை. அகமதிப்பீட்டு 20 மதிப்பெண்ணில் 5 அதற்குத்தான், விட முடியாது.

காலை 8.15-க்குத் தொடங்கினால் பாகூர், வில்லியனூர் பேருந்துப் பிள்ளைகள் முதல் பீரியடைத் தவறவிடுகிறார்கள்.

சனிக்கிழமை வைத்தால் பாதி வகுப்பு காலி. எட்டாம், ஒன்பதாம் வகுப்பைச் சேர்த்து நடத்தினால் ஓர் அறையில் 70 பேர்.

ஆய்வக நேரத்தைக் குறைக்காமல், வாரம் 2 மறைக்கல்வி பீரியடையும் வைத்து அட்டவணை போட்ட பள்ளிகள், அந்த 3 பீரியடை எந்தப் பாடத்தில் குறைத்தீர்கள்?